மூணு வைரஸ் ஐசக்

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற அந்தத் தெருவில் நின்றுகொண்டு "ஐசக் வீடு எது?" என்று கேட்டால், கேட்டவருக்குத்தான் தலைவலி. கீபோர்டு வாசிக்கிற ஐசக் ஒருவர் இருக்கிறார். இன்சூரன்ஸ் ஐசக் ஒருவர் இருக்கிறார். தெருவையே தூங்கவிடாத நாய் ஒன்றை வளர்க்கிற ஐசக்கும் இருக்கிறார். நம்ம ஆள் இவர்களில் யாரும் இல்லை. "மூணு வைரஸ் ஐசக்" என்று கேளுங்கள், இஸ்திரி வண்டிக்காரர் கையிலிருக்கிற சட்டையைப் போட்டுவிட்டு மாடிப்படி வரைக்கும் வந்து காட்டிவிட்டுப் போவார். இந்தப் பட்டம் கிடைத்துக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் அவருக்கு ஒரு பட்டமும் கிடையாது. பட்டம் கொடுக்கும்படியாக அவர் எதையும் செய்து தொலைத்ததும் கிடையாது.

பயந்த சுபாவம். ஆனால் பயம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார், முன்ஜாக்கிரதை என்று சொல்ல வேண்டும். தாம்பரத்தில் பிறந்து தாம்பரத்திலேயே படித்தவர். ஸ்டேஷன் மேம்பாலத்தில் கூட்டம் தெரிந்தால் இந்த ரயில் வேண்டாம், அடுத்தது போதும் என்று சின்ன வயசிலேயே ஒதுங்கி நின்றவர். கல்யாணம் என்கிற காரியத்துக்குத் துணியவே நாற்பதை நெருங்கிவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் ஜெரூஷா, "என்கிட்ட ஏதாவது கேக்கணும்னா கேளுங்க" என்றாளாம். இவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "உங்க வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடியே இல்லையே, இதுவரைக்கும் யாரும் விழலையா?" என்று கேட்டாராம். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், சட்டென்று சிரிக்கிற ஆள் இல்லை. அன்றைக்குச் சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு சம்மதமும் சொல்லிவிட்டாள். இன்றைக்கும் அவரைக் கேலி செய்ய ஒரு சாக்குக் கிடைத்தால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

உத்தியோகம் சிறுசேரியில். சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் எழுதி முடித்து மார்தட்டிக்கொள்ளும்போது, அதில் எங்கே ஓட்டை என்று துழாவிக் கண்டுபிடிக்கிற டெஸ்டிங் வேலை. எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று கெட்டுப்போகத்தான் போகிறது என்று மனதார நம்புகிற மனிதருக்கு மாதாமாதம் சம்பளமும் கொடுத்து ஏசி அறையில் உட்காரவும் வைத்தால் கசக்குமா என்ன? அதில் ஐசக் பெரிய கெட்டிக்காரர் என்று அவர்கூட வேலை பார்க்கிறவர்களே சொல்வார்கள்.

காத்திருந்து காத்திருந்து ஒரு பிள்ளை பிறந்தது. ஷெர்வின். பிள்ளை வீட்டுக்கு வருவதற்கு முன்பே தெர்மாமீட்டர், நெபுலைசர், விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மானி எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. ஷோகேஸில் இருந்த கல்யாண போட்டோவை நகர்த்தி வைத்துவிட்டு அந்த இடத்தில் இவை குடியேறின. பையனோ அப்பாவுக்கு நேர் எதிர். சோபா மேலிருந்து குதிப்பான், ஜன்னல் கம்பியில் தொங்குவான், தரையில் கிடப்பது எதுவானாலும் வாயில் போட்டு ருசி பார்ப்பான். ஐசக் அவன் பின்னாலேயே கையை விரித்துக்கொண்டு ஓடுவார். இருவரையும் சேர்த்துப் பார்க்கிற ஜெரூஷா, "ரெண்டு பேருல யார் சின்னப் பிள்ளைன்னே தெரியல" என்பாள்.

ஷெர்வின் எல்.கே.ஜி. சேர்ந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. வகுப்பில் ஒரு பிள்ளை தும்மினால் மறுநாள் பெஞ்சு முழுக்கத் தும்மும். ஷெர்வினுக்கும் மூக்கு ஒழுகியது, இருமல் வந்தது, உடம்பு சுட்டது. ஐசக் லீவு போட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு டாக்டர் டெபோராவிடம் ஓடினார். டெபோரா பிள்ளைகளைப் பார்க்கிற டாக்டர், பொறுமைசாலி. சட்டையைத் தூக்கிப் பார்த்தார், மூச்சைக் கேட்டார். ஷெர்வின் அவருடைய ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்துத் தன் காதில் மாட்டப் பார்த்தான்.

"சாதாரண சளிதான் சார். காய்ச்சலுக்கு சிரப் கொடுங்க, தண்ணி நிறைய கொடுங்க. போதும்" என்றார் டாக்டர்.

"எதுக்கும் அந்தப் பெரிய டெஸ்டு எடுத்துப் பாத்துடலாமே டாக்டர்? எல்லா வைரஸையும் ஒரே தடவையில சொல்லுமாமே?"

"தேவையே இல்ல சார். எது வந்திருந்தாலும் இப்ப நான் கொடுக்கப்போற மருந்து இதேதான்."

ஐசக் எழுந்திருக்கவில்லை. சில பேர் கடன் கேட்டு வந்து உட்கார்ந்தால் எழுந்து போக மாட்டார்களே, அப்படி உட்கார்ந்திருந்தார். வெளியே காத்திருக்கிற பிள்ளைகளின் இருமல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். மூக்கில் குச்சி விட வந்த லேப் பையனின் கையை ஷெர்வின் கடித்தான் என்பதைத் தவிர டெஸ்டு ஒழுங்காக நடந்தது.

ரிசல்ட் வந்தது. ஒன்றல்ல, இரண்டல்ல, மூன்று வைரஸ். ரைனோ, அடினோ, ஆர்.எஸ்.வி. ஐசக் மறுபடியும் டாக்டரிடம் ஓடினார்.

டெபோரா சிரிக்கவில்லை, நிதானமாகச் சொன்னார்: "சார், இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு இந்த சீசன்ல டெஸ்டு எடுத்தா ரெண்டு மூணு ஒண்ணா வர்றது சகஜம். போன மாசம் வந்துட்டுப் போனதோட மிச்சம்கூட டெஸ்டுல காட்டும். சில வைரஸ் ஜோடி சேர்ந்தா கொஞ்சம் மோசமாகலாம்னு சில ஆராய்ச்சி சொல்லுது, பெரிய வித்தியாசம் இல்லைன்னு நிறைய ஆராய்ச்சி சொல்லுது. அதனால பேப்பரைப் பாக்காதீங்க, பிள்ளையைப் பாருங்க. மூச்சு வேகமா வாங்குதா, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழ குழி விழுதா, சாப்பாடு இறங்குதா. இதுதான் கணக்கு. ஒரே ஒரு வைரஸ் போதும், கைக்குழந்தையைப் படுக்கவச்சிடும். இவன் சரியாகுற வரைக்கும் சின்னக் குழந்தைங்க பக்கத்துல விடாதீங்க."

இத்தனையும் அவர் சொன்னார். ஆனால் "ரெண்டு மூணு ஒண்ணா" என்கிற இடத்திலேயே ஐசக் போனை எடுத்துச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் தட்டிக்கொண்டிருந்தார்: "என் மகன் ஷெர்வினை மூன்று வைரஸ் ஒரே நேரத்தில் தாக்கியுள்ளது. ஜெபத்தில் தாங்கவும்."

தாங்கினார்கள். அப்பப்பா, எப்படித் தாங்கினார்கள்! அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்குச் செய்தி தெரிந்துவிட்டது. அடுத்த தெருவுக்குப் போனபோது வைரஸ் நான்காகியிருந்தது. மாடம்பாக்கத்திலிருந்து போன் செய்த சித்தப்பாவுக்கு ஐந்து என்று யாரோ சொல்லியிருந்தார்கள், ஐசக்தான் கொஞ்சம் வருத்தத்தோடு மூன்றாகக் குறைத்தார். ஹார்லிக்ஸ் பாட்டில்களும் ஆப்பிளுமாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு உள்ளே நுழைவார்கள். ஷெர்வின் மூன்று சக்கர சைக்கிளில் வந்து அவர்கள் காலில் மோதுவான். வந்தவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடும். இதைக் கவனித்த ஐசக், காலிங் பெல் அடித்ததும் பையனைப் பிடித்துக் கட்டிலில் படுக்கவைத்துக் கழுத்து வரைக்கும் போர்த்திவிடப் பழகிக்கொண்டார்.

"எதுக்குங்க அவனை இப்படிப் பொட்டலம் கட்டுறீங்க?" என்றாள் ஜெரூஷா.

"வர்றவங்க தப்பா நினைக்க மாட்டாங்களா?"

"பிள்ளை நல்லா இருந்தா என்னங்க தப்பு?"

ஐசக் போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார். உள்ளுக்குள் பயம் நிஜமாகவே இருந்தது, அதில் சந்தேகம் வேண்டாம். ராத்திரியில் நடு நடுவே எழுந்து பையன் மார்பில் கை வைத்துப் பார்க்கிறவர்தான். ஆனால் மனுஷன் பிறந்ததிலிருந்து யாரும் தன்னை இப்படித் திரும்பிப் பார்த்ததில்லையே, அந்த ருசியும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் அவருக்கு வரிசையில் வழி விட்டார்கள். மூணு வைரஸ் ஐசக் என்கிற பெயரும் அந்த மெடிக்கல் ஷாப்பில்தான் பிறந்தது.

அதே மாடியில் எதிர் வீட்டில் லோகநாதன் குடும்பம். அந்த அடுக்குமாடி நிற்கிற மனையே அவருடையதுதான். மனையை பில்டரிடம் கொடுத்து, பதிலுக்கு மாடியில் வீடு வாங்கிக்கொண்டு, கீழே சிமெண்ட், மணல் வியாபாரம் வைத்திருக்கிறார். குரல் பெரிசு, மனசும் பெரிசு, கோபமும் பெரிசு. அவர் மகன் ஹரிபிரசாத் வியாபாரத்துக்காக ஊர் ஊராக அலைகிறவன். வீட்டில் மருமகள் அனுப்பிரியாவும் பேத்தி எழிலும். எழிலுக்கு இன்னும் சோறு ஊட்டவில்லை, திருநீர்மலையில் ஊட்ட நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை சின்னக் குழந்தை. கன்னத்தைத் தொட்டால் கையோடு வந்துவிடும் போலிருக்கும்.

"இன்னா சார், புள்ளைக்கு மூணு வைரஸாமே? அவன் இன்னாடான்னா சைக்கிள்ல பறந்துகினு கீறான்!" என்று படியில் பார்த்தபோது லோகநாதன் கேட்டார்.

"வெளியே தெரியாதுண்ணா. உள்ள இருக்கும்" என்றார் ஐசக், கொஞ்சம் அடிபட்ட குரலில்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐசக் வீட்டில் ஜெபக்கூட்டம். சபையிலிருந்து திரண்டு வந்தார்கள். வெளியே மழை கொட்டுகிறது, சாரல் அடிக்கிறது என்று ஜன்னலையெல்லாம் சாத்தியாகிவிட்டது. பாட்டு நடுவில் ஒருவர் இருமினார், இன்னொருவர் தும்மினார், ஸ்தோத்திரம் சொல்லித் தொடர்ந்தார்கள். சத்தம் கேட்டு எதிர் வீட்டுக் கதவைத் திறந்து எழிலோடு நின்றுகொண்டிருந்தாள் அனுப்பிரியா.

ஐசக்குக்கு மனசு நிறைந்திருந்தது. வாசல் வரைக்கும் போய் அவரே கூப்பிட்டார்: "உள்ள வாம்மா அனு. பாப்பாவுக்கும் சேர்த்து ஜெபம் பண்ணிடலாம். எந்த நோயும் அண்டாது."

அந்தக் கட்டடத்தில் அப்படித்தான். கிறிஸ்துமஸ் கேக் எதிர் வீட்டுக்குப் போகும், ஆடி மாசக் கூழ் இந்த வீட்டுக்கு வரும். கூப்பிட்டு வராமல் இருந்தால்தான் தப்பு. அனுப்பிரியா வந்து உட்கார்ந்தாள். போதகர் குழந்தை தலையில் கை வைத்தார். அதுவரை போர்வைக்குள் அடங்கிக் கிடந்த ஷெர்வின், பாப்பாவைப் பார்த்ததும் குதித்து இறங்கி வந்து, யாரும் தடுப்பதற்குள் அவள் முகத்தோடு முகம் வைத்து முத்தம் கொடுத்தான். "எவ்வளவு பாசம் பாருங்க!" என்று எல்லோரும் உருகினார்கள். சமையலறையிலிருந்து காபித் தட்டோடு வந்த ஜெரூஷா மட்டும், "டேய், மூக்கைத் துடைடா முதல்ல" என்று இழுத்துக்கொண்டு போனாள். அதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

அடுத்த வாரம் ஷெர்வின் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். எழிலுக்கு மூக்கு அடைத்தது, அப்புறம் இருமல். இந்த விஷயத்தில் கட்டடத்திலேயே அனுபவசாலி ஐசக்தானே? அனுப்பிரியா அவரிடம்தான் வந்தாள். வீட்டுக்கே வந்து டெஸ்டு எடுக்கிற லேப் நம்பரை அவர் கொடுத்தார். ரிசல்ட் வந்ததும் போனை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, ஆர்.எஸ்.வி.ன்னு போட்டிருக்கு. வேற ஒண்ணும் இல்லையாம்."

ஐசக் வாங்கிப் பார்த்தார். பெரிய வியாபாரி பெட்டிக்கடைக் கணக்கைப் பார்க்கிற பார்வை அது. "ஒண்ணுதானே? எங்களுக்கு மூணும்மா! இதுவும் அதுல ஒண்ணு. அதுக்கே ஷெர்வின் எப்படி எழுந்து ஓடுறான் பார்த்தியா?"

"காலையிலேந்து பால் சரியா குடிக்கலண்ணா. டாக்டர்கிட்ட ஒரு எட்டு காட்டிட்டு வந்துடட்டுமா?"

"இந்த மழையில கைக்குழந்தையைத் தூக்கிட்டு எங்கம்மா போவ? ரோடெல்லாம் தண்ணி. ஒண்ணுக்குப் போய் பயப்படாத. நாளைக்குப் பார்த்துக்கலாம்."

அனுப்பிரியாவின் முகத்தில் நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைத் தான் கொடுத்ததாக ஐசக்குக்குப் பெருமை. மனுஷன் அன்றைக்கு விசிலடித்துக்கொண்டே குளித்தார்.

மறுநாளும் மழை விடவில்லை. ஆபீஸ் போகவில்லை, வீட்டிலிருந்தே வேலை. பள்ளிக்கூடத்துக்கும் லீவு விட்டிருந்ததால் ஜெரூஷா ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் ஐசக்கின் ஆபீஸ் மீட்டிங் போனில் நடந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, சாஃப்ட்வேரில் தான் சோதித்த இரண்டு பகுதிகளைப் பற்றிச் சொன்னாள். முதல் பகுதியில் ஏகப்பட்ட தப்பாம், எழுத்துக் கோணல், நிறம் மாற்றம், அப்படி. இரண்டாவதில் ஒன்றே ஒன்று, பணம் கட்டுகிற இடத்தில் அப்படியே நின்றுவிடுகிறதாம். "அதனால சார், முதல்ல இருக்கறதுதான் சீரியஸ். செகண்ட்ல ஒண்ணுதானே சார்?"

ஐசக்குக்கு வந்ததே கோபம். தொழில் விஷயத்தில் மட்டும் அவர் யாருக்கும் பயப்பட மாட்டார்.

"ஒண்ணுதானேன்னா? எத்தனைன்னு உங்களை யாருங்க கேட்டா? எண்ணிக்கையை வச்சுக்கிட்டு என்ன பண்றது? எவ்வளவு மோசம்னுதானே பாக்கணும்! எழுத்துக் கோணலா இருந்தா எவனும் சாகப் போறதில்ல. மொத்தத்தையும் நிறுத்துறதுக்கு ஒண்ணே ஒண்ணு போதுங்க, ஒண்ணே ஒண்ணு. இதைக்கூட நான்..."

துணி மடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. ஜெரூஷா தலையைத் தூக்கி அவரையே பார்த்தாள். முதல் நாள் அனுப்பிரியாவிடம் அவர் சொன்ன 'ஒண்ணுதானே' அவள் காதிலும் விழுந்திருந்தது. எப்போதும் இருக்கிற அந்தக் கேலிச் சிரிப்பு முகத்தில் இல்லை.

ஐசக்கின் வாய் திறந்தபடியே இருந்தது. போனில் அந்தப் பெண், "சார்? சார், கேக்குதா?" என்றாள். அவருக்குக் கேட்டது வேறு. பால் சரியா குடிக்கலண்ணா. டாக்டர் டெபோரா சொன்னபோது காதிலேயே விழாததெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக விழுந்தது. கைக்குழந்தை. ஒரே ஒரு வைரஸ். பக்கத்துல விடாதீங்க.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. செருப்புகூடப் போடாமல் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவைத் திறந்த அனுப்பிரியாவின் தோளில் எழில் கிடந்தாள். "இப்பதான்ணா அழுகையை நிறுத்தினா. ரொம்ப நேரமா சத்தமே போடாம இருக்கா" என்றாள்.

"சட்டையைத் தூக்கும்மா."

"அண்ணா?"

"சட்டையைத் தூக்கும்மா, பாக்கணும்!"

தூக்கினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தச் சின்ன விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. மூக்கு விடைத்தது. வயிறு ஏறி ஏறி இறங்கியது. குழந்தை அழுகையை நிறுத்தவில்லை, அழுவதற்கு அதனிடம் மூச்சு இல்லை. "ஐயோ ஆண்டவரே!" என்று ஐசக் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

ஜெரூஷா அதற்குள் கார் சாவியோடு பின்னால் நின்றாள். "போங்க, நான் ஷெர்வினைப் பாத்துக்கறேன்." கீழே கடையிலிருந்த லோகநாதன் காரில் தாவி ஏறினார். பின்சீட்டில் அனுப்பிரியா, மடியில் எழில். வாழ்நாள் முழுக்க மெதுவாகக் கார் ஓட்டியதற்குத் திட்டு வாங்கிய ஐசக் அன்றைக்குத் தண்ணீரில் அலை எழும்ப ஓட்டினார். மெயின் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். பஸ் ஒன்று நடுவில் நின்றுவிட, பின்னால் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன.

லோகநாதன் கதவைத் திறந்து தண்ணீரில் இறங்கிவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆட்டோவைத் தட்டி, பைக்கைத் தள்ளி, தொண்டை கிழியக் கத்தினார்: "ஏய் நவுரு! நவுருபா! கொயந்த கீது வண்டில! மூச்சு வுட முடியாம கீதுபா, நவுருங்கடா!"

பின்சீட்டிலிருந்து அனுப்பிரியா, "அண்ணா, உதடு ஒரு மாதிரி நிறமா இருக்குண்ணா" என்றாள். ஐசக் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை ஓடாது என்று தெரிந்தது. முன்னால் வேட்டி நனைந்து வழிகாட்டிக்கொண்டு போகிற முதுகை மட்டும் பார்த்துக்கொண்டே வண்டியை விட்டார்.

ஆஸ்பத்திரியில் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். வெகுநேரம் கழித்து வெளியே வந்த டாக்டர், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டமாகியிருக்கும், இப்போதும் உடனே எதுவும் சொல்ல முடியாது, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

லோகநாதன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஈர வேட்டியோடு வந்து ஐசக்கின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சார், நீ மட்டும் வந்து பாக்காம இருந்தா இன்னா ஆயிருக்கும்? தெய்வம் மாரி வந்த சார். உன்ன உசுரு இருக்கறவரிக்கும் மறக்க மாட்டேன்."

ஐசக்குக்குத் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். இந்த நன்றியை வாங்கிக்கொள்ள அவரால் முடியவில்லை.

"அண்ணா, நான்தான் போக வேணாம்னு சொன்னேன்" என்றார். "நேத்தே அனு டாக்டர்கிட்ட போறேன்னுச்சு. நான்தான் ஒண்ணுதானே, நாளைக்குப் பாக்கலாம்னேன். ஜெபத்துக்குக் கூப்பிட்டதும் நான்தான். ஷெர்வின்கிட்டேருந்துதான் வந்திருக்கணும். டாக்டர் சொன்னாங்க, கைக்குழந்தை பக்கத்துல விடாதன்னு சொன்னாங்க. நான் காதுலயே வாங்கலண்ணா."

லோகநாதனின் கை மெல்ல விலகியது. பெஞ்சில் இருந்த அனுப்பிரியா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"இப்ப எதுவும் பேசாத சார்" என்றார் லோகநாதன் கடைசியில். "கொயந்த வூட்டுக்கு வரட்டும். அப்பால உன்ன வச்சிக்கறேன்."

அதன் பிறகு ஐசக்குக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் போக முகமில்லை. ஜெரூஷாதான் தினமும் போய் வந்தாள். ஆக்சிஜனைக் குறைத்திருக்கிறார்கள், குழாய் வழியாகப் பால் இறங்குகிறது, ஹரிபிரசாத் வந்துவிட்டான் என்று ஒவ்வொன்றாக வந்து சொன்னாள். "லோகநாதன் அண்ணா என்ன சொன்னார்?" என்று ஐசக் கேட்பார். "ஒண்ணும் சொல்லல. உங்களைப் பத்திப் பேச்சே எடுக்கல" என்பாள். கேலி செய்வதற்கு இதைவிட வசதியான காலம் அவளுக்கு வாய்த்ததே இல்லை. ஆனாலும் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. சபைக் குழுவில் "ஷெர்வின் எப்படி இருக்கான்?" என்று யாரோ கேட்டதற்கு, "அவனுக்கு ஒன்றும் இல்லை. எதிர் வீட்டு எழிலுக்காக ஜெபியுங்கள். தயவுசெய்து யாரும் நேரில் வர வேண்டாம்" என்று போட்டார்.

ஒருநாள் காலையில் படியில் பேச்சுச் சத்தம் கேட்டது. எழில் வந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஐசக் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. காலிங் பெல் அல்ல, கையால், படபடவென்று.

"சார்! கதவத் தொற. நான்தான். கொயந்தயத் தூக்கிகினு வந்துகீறேன்."

ஐசக் கதவருகே ஓடினார். இந்த நிமிஷத்துக்காக எத்தனையோ மன்னிப்பு வாசகங்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். காலில் விழுந்துவிடுவது என்றும் தீர்மானித்திருந்தார். தாழ்ப்பாளில் கையும் வைத்துவிட்டார். அப்படியே நின்றார். கதவிலிருந்த சின்னக் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தார். லோகநாதனின் மார்பில் சாய்ந்து, இளைத்துப் போய், கண்ணை அகல விழித்துக்கொண்டு எழில்.

"தொறக்க மாட்டேண்ணா" என்றார்.

"இன்னாது?"

"காலையிலேந்து எனக்குத் தொண்டை கரகரங்குது. ஷெர்வினுக்கும் மூக்கு ஒழுகுது. பாப்பாவைத் தூக்கிட்டு உள்ள போங்கண்ணா. எங்களுக்குச் சரியானப்புறம் நானே வர்றேன். அப்ப என்னை என்ன வேணா சொல்லுங்க."

வீடு தேடி வந்தவரை வாசலில் நிறுத்திக் கதவைத் திறக்காமல் பேசுவது அந்தக் கட்டடத்தில் அதுவரை நடந்ததில்லை.

"டெஸ்டு எடுத்தியா? எத்தினியாம்?" என்று கேட்டது குரல்.

"எடுக்கலண்ணா. எத்தனையா இருந்தா என்ன, பாப்பா கிட்ட வரக்கூடாது."

"உன்ன நாலு வார்த்த நல்லாக் கேக்கணும்னு ஆஸ்பத்திரிலேந்தே சொல்லிகினு வந்தேன் சார். படியேறும்போதுகூட சொல்லிகினேதான் வந்தேன்." லோகநாதன் மூச்சு வாங்குவது கேட்டது. "இப்ப நீ கதவயே சாத்திட்ட. நான் இன்னாத்த கேக்கறது?"

இந்தப் பேச்செல்லாம் எழிலுக்குப் பிடிக்கவில்லை. உதட்டைப் பிதுக்கினாள், முகம் சிவந்தது, வாயைத் திறந்து ஒரு கத்தல் கத்தினாள் பாருங்கள்! படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. கீழ் வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். "மாமா, உள்ள கொண்டாங்க, அழறா பாருங்க" என்று அனுப்பிரியா கூப்பிட்டாள். லோகநாதன் நகரவில்லை.

ஐசக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டார். அன்றைக்கு அனுப்பிரியாவின் தோளில் சத்தமே இல்லாமல் கிடந்த குழந்தையின் சத்தம். மூச்சை இழுத்து இழுத்து, நெஞ்சு நிறைய அழுகிற சத்தம். அவருக்குக் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

"கேக்குதா சார்?" என்றார் லோகநாதன்.

"கேக்குதுண்ணா."

"நல்லாக் கேளு. நீ போதும்னு சொல்றவரிக்கும் இங்கயே நிக்கறேன். அப்பால உள்ள தூக்கினு போறேன்."